நேற்று மதியம் என்ன வேலை செய்தீர்கள்?

பிளஸ் டூ முடிவுகள் வரும் மே மாதத்தில் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணை காலியாக இருப்பதில்லை. தெருப் பிள்ளைகள், அவர்களுடைய தோழிகள், தோழியின் தம்பி, யாரோ சொல்லி அனுப்பிய கொருக்குப்பேட்டைப் பையன் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "அக்கா, நான் என்ன படிக்கலாம்?" நான் ஆசிரியை இல்லை, ஆலோசகரும் இல்லை. மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வெல்டிங் இணைப்புகளைச் சோதிக்கும் வேலை எனக்கு. தெருவில் முதலில் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போன பெண் என்பதால் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. இப்போது யாராவது கூப்பிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றாலும் கொடுக்க மாட்டேன்.

வருகிறவர்கள் வேலைகளின் பெயர்களோடுதான் வருகிறார்கள். இன்ஜினியர், நர்ஸ், ஐடி, பேங்க், போலீஸ், அரசு வேலை. இவற்றில் எது தனக்குப் பிடிக்கிறது என்று தேடுவதையே தன்னை அறிவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சின்ன வயதிலிருந்து வீட்டிலும் பள்ளியிலும் நாம் அவர்களிடம் கேட்டது "பெரியவன் ஆனால் என்ன ஆகப் போகிறாய்?" என்பதை மட்டும்தான். ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிறகு பெயரோடு யாரும் குடித்தனம் நடத்துவதில்லை. காலையில் இத்தனை மணிக்குப் போய், இன்ன இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ, இன்னாரோடு பேசியோ பேசாமலோ, இன்ன சத்தத்திலும் வாசனையிலும் கழிக்க வேண்டிய ஒரு நாள்தான் கைக்கு வருகிறது. மறுநாளும் அதே நாள். எந்த மாதிரியான நாளை என்னால் சலிக்காமல் கழிக்க முடியும், எந்த மாதிரியான நாள் என்னை உள்ளுக்குள் அரித்துவிடும் என்று தெரிந்துகொள்வதைத்தான் நான் வேலை விஷயத்தில் சுய அறிவு என்கிறேன். எதில் ஆசை, எதில் பெருமை என்பதெல்லாம் அதற்கு அடுத்த வரிசை.

இரண்டு தலைமுறைக்கு முன்பு வரை எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இருந்ததில்லை. ஒருவர் என்ன வேலைக்குப் போவார் என்பதை அவர் குடியிருந்த தெருவே முடிவு செய்தது. பெரம்பூர், புளியந்தோப்பு, பட்டாளம் என்றால் பின்னி மில். ராயபுரம், தண்டையார்பேட்டை என்றால் துறைமுகம். காசிமேடு என்றால் கடல். 1955-இல் ஐ.சி.எஃப். வந்த பிறகு அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் ரயில் பெட்டி. எண்ணூரில் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு. அப்பா நுழைந்த கேட் வழியாகவே மகனும் நுழைந்தான். அந்த வேலைகளை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் என்ற பெயரில், நாட்டின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்றை எழுப்பிக் காட்டிய மில் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். ஆனால் மில்லும் துறைமுகமும் கை கொடுத்த காலத்தில் "நான் எப்படிப்பட்டவன்?" என்று ஒருவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய தேவை எழவில்லை.

1996-இல் பின்னி மில் மூடப்பட்டபோது அந்தத் தேவை ஒரே நாளில் எல்லார் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. என் பாட்டி வீடு பட்டாளத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா தறிப் பகுதியில் வேலை பார்த்தவர். கூட இருந்தவர்களில் பலர் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்கள். சிலர் வீட்டோடு முடங்கினார்கள். இவர் ஓட்டேரியில் ஒரு தையல் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தையல் மிஷின் பழுதுபார்க்க ஆரம்பித்தார். மிஷினை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். சத்தத்தை வைத்தே பாபினில் குறையா, பல்சக்கரத்தில் குறையா என்று சொல்லிவிடுவார். மில்லில் நூறு தறிகள் ஒன்றாக இரைகிறபோதும் எந்தத் தறி தப்பாக ஓடுகிறது என்று காதாலேயே பிடித்த மனிதர். கையில் இருந்த தொழில் போன பிறகும், தன்னிடம் இருப்பது நெசவுத் திறமை மட்டும் இல்லை, இயந்திரத்தைக் காதால் படிக்கும் திறமை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய வீட்டில் அடுப்பு அணையாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று பாட்டி சொல்லுவாள்.

இந்த மாதிரி விசாரணை எல்லாம் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, நமக்குக் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்வதே பெரிது என்று சொல்லும் பெற்றோர்கள் எங்கள் தெருவில் நிறைய. அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. முடிவை ஏற்க முடியவில்லை. வசதியான வீட்டுப் பையன் இன்ஜினியரிங் சேர்ந்து, பிடிக்காமல் விட்டுவிட்டு, ஒரு வருடம் சும்மா இருந்து, வேறு படிப்பில் சேரலாம். எங்கள் வீடுகளில் ஒரு முறைதான் நகை அடகுக் கடைக்குப் போகும். இரண்டாம் முறை எடுத்துக்கொண்டு போக நகை இருக்காது. அதனால் சேருவதற்கு முன்பே தன்னைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எங்களுக்குத்தான் அதிகம்.

வேலை வழிகாட்டுதல் என்ற துறை பிறந்ததும் எங்கள் பகுதியைப் போன்ற ஓர் இடத்தில்தான். பாஸ்டன் நகரத்தின் நார்த் எண்ட், துறைமுகத்தை ஒட்டிய பகுதி. நூறு வருடங்களுக்கு முன்பு இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் கப்பலேறி வந்த ஏழைக் குடும்பங்கள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகள் எந்தக் கதவு முதலில் திறக்கிறதோ அதற்குள் நுழைந்துவிடுவதைப் பார்த்த ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், 1908-இல் அங்கிருந்த ஒரு சமூக சேவை இல்லத்தில் வேலை ஆலோசனைக்கென்று ஓர் அலுவலகம் திறந்தார். அந்த ஆண்டே இறந்தும் போனார். அவர் எழுதி வைத்திருந்தது 1909-இல் புத்தகமாக வந்தது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: உன்னைத் தெளிவாகத் தெரிந்துகொள், வேலைகளைத் தெளிவாகத் தெரிந்துகொள், பிறகு இரண்டையும் நேர்மையாகப் பொருத்திப் பார்.

இதில் நடுவில் இருப்பதைத்தான் இன்று எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள். ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் முன்வைத்த கொள்கை ஒன்று இருக்கிறது. கையால் செய்வதில் நாட்டம் உள்ளவர், ஆராய்பவர், கலை மனம் கொண்டவர், மனிதர்களுக்கு உதவுவதில் நிறைவு காண்பவர், முன்னின்று நடத்துபவர், ஒழுங்கும் கணக்குமாக வேலை செய்பவர் என்று ஆறு வகை. கைப்பேசியில் பிள்ளைகள் எழுதும் 'உனக்கேற்ற வேலை எது' தேர்வுகளில் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. கொள்கையில் பழுதில்லை. மனிதர்களை அந்த ஆறில் ஒன்றில் அடைக்காமல், இரண்டு மூன்று வகைகளின் கலவையாகத்தான் அவரும் பார்த்தார். சிக்கல் வேறு இடத்தில். "ஆய்வகத்தில் பரிசோதனைகள் செய்யப் பிடிக்குமா?" என்று தேர்வு கேட்கிறது. ஆய்வகத்தின் கதவு திறந்தே பார்த்திராத பெண் என்ன பதில் சொல்வாள்? இல்லை என்று குறித்துவிடுகிறாள். தேர்வு முடிவு, உனக்கு ஆராய்ச்சி நாட்டம் குறைவு என்கிறது. பார்க்காத ஒன்றின் மேல் நாட்டம் எங்கிருந்து வரும்? அவளுடைய மனதை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு அவள் பார்த்த உலகத்தின் அகலத்தை அளந்துவிட்டார்கள்.

அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் படிப்புகள், கல்லூரிகள், திறன் பயிற்சிகள் பற்றிய தகவல்கள் கிடைக்கின்றன. எங்கள் பிள்ளைகளை அதைப் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் தகவல் ஒரு பக்கம், நேரில் பார்ப்பது ஒரு பக்கம். அதனால் திண்ணைக்கு வருகிறவர்களை ஒரு கேள்வியோடு வெளியே அனுப்புகிறேன். நீ நினைத்திருக்கும் வேலையைச் செய்கிற ஒருவரைப் பிடி. "உங்கள் வேலை எப்படி இருக்கிறது?" என்று கேட்காதே. "பரவாயில்லை" என்பார். "நேற்று மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை என்ன செய்தீர்கள்?" என்று கேள். ஏன் மதியம் என்றால், காலையில் எல்லா வேலையும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். சாப்பிட்ட பிறகு வெயிலும் களைப்பும் சேரும்போது ஒரு வேலையின் உண்மையான முகம் தெரியும்.

கொடுங்கையூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி நர்ஸிங் என்று உறுதியாகச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும் அக்கா, எனக்கு அந்த இடம் பிடிக்கும்." ஸ்டான்லி மருத்துவமனைக்கு அவளுடைய பாட்டியோடு பல முறை போயிருக்கிறாள். தெரிந்த ஒரு நர்ஸ் அம்மாவிடம் அனுப்பினேன். அவர் சொன்ன மதியம் இப்படி இருந்தது: ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த படுக்கையின் உறவினர் வந்து தோளைத் தொட்டுக் கேள்வி கேட்கிறார், ட்ரிப்ஸ் மாற்ற வேண்டும், டாக்டர் எழுதியதை நோட்டில் ஏற்ற வேண்டும், ஒரு பாட்டி அழுகிறாள், பக்கத்தில் ஒரு நிமிடமாவது உட்கார வேண்டும், எதையும் முழுசாக முடிக்காமல் அடுத்ததற்கு ஓட வேண்டும். நர்ஸ் அம்மா இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் வெளிச்சம் இருந்ததாம். அது அவருக்கான நாள். பெண்ணுக்கோ கேட்கும்போதே மூச்சு முட்டியது. அதே கட்டடத்தில் லேப் டெக்னீஷியன் ஒருவரிடமும் பேசிவிட்டு வந்தாள். ரத்தக் குழாய்களில் பெயரும் எண்ணும் சரிபார்ப்பது, சென்ட்ரிஃப்யூஜில் சமமாக எதிரெதிரே வைத்துச் சுழற்றுவது, முடிவு சந்தேகமாக இருந்தால் மறுபடி ஓட்டிப் பார்ப்பது. அதைச் சொல்லும்போது அவள் கையாலேயே குழாய்களை அடுக்கிக் காட்டினாள். அவளுக்குப் பிடித்தது ஆஸ்பத்திரிதான், வார்டு இல்லை. பெயர் அளவில் நின்றிருந்தால் இந்த வேறுபாடு நான்கு வருடம் கழித்து, பணம் கட்டி முடித்த பிறகு தெரிந்திருக்கும்.

வேலையைப் பார்க்கிற பாதி இது. தன்னைப் பார்க்கிற பாதிக்கு என்னிடம் இன்னொரு கேள்வி இருக்கிறது: "வீட்டில் எதற்காக அதிகம் திட்டு வாங்குகிறாய்?" இதைக் கேட்டால் பிள்ளைகள் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவார்கள். உன் திறமை என்ன என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். மிக்ஸியைக் கழற்றிப் போட்டதற்கு, பக்கத்து வீட்டுச் சண்டையைத் தீர்க்கப் போனதற்கு, கணக்கு நோட்டில் படம் வரைந்ததற்கு, அலமாரியை மறுபடி மறுபடி அடுக்கியதற்கு. திட்டினாலும் விடாமல் செய்துகொண்டிருப்பது நம் சுபாவத்தில் ஊறியதாகத்தான் இருக்கும்.

நான் திட்டு வாங்கியது மீன் வாங்கியதற்கு. அம்மா காசு கொடுத்து அனுப்புவாள். திரும்பி வர நேரமாகிவிடும். செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பேன். கண் குழியாமல் இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மேலே எழும்புகிறதா, நண்டு கையில் கனக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். மீன்கார அம்மா, "இந்தப் பெண்ணுக்கு விற்பதற்குள் ஐஸ் கரைந்துவிடும்" என்று கத்துவாள். அவள் கத்துவது எனக்கு உறைக்காது. கெட்ட மீனைக் கூடைக்குள் விடக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருக்கும்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்ததும் முதலில் கிடைத்தது பம்ப் விற்கும் வேலை. நல்ல வேலை. என்னோடு சேர்ந்தவர் இன்றும் அதில் மகிழ்ச்சியாக இருக்கிறார். புது மனிதரைப் பார்த்தால் அவருக்கு உடம்பில் தெம்பு ஏறும். எனக்கு மதியத்துக்குள் தெம்பு வற்றிவிடும். பம்பின் குறைகளும் சேர்த்தே என் வாயில் வந்துவிடும். அப்போது மணலியில் ஒரு தொழிற்சாலைக்குப் போன இடத்தில், ஒரு பெரியவர் குழாய் இணைப்பைச் சோதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். டை பெனட்ரன்ட் சோதனை. வெல்டிங் போட்ட இடத்தைத் துடைத்துச் சுத்தமாக்கி, சிவப்புத் திரவத்தை அடிக்கிறார். குறித்த நேரம் காத்திருக்கிறார். கண்ணுக்கே தெரியாத விரிசல் இருந்தால் திரவம் அதற்குள் இறங்கிவிடும். பிறகு மேலே இருக்கும் சிவப்பைத் துடைத்து எடுக்க வேண்டும். இங்கேதான் கை பக்குவம். துடைக்கிற திரவத்தை இரும்பின் மேல் நேராகப் பீய்ச்சக் கூடாது. பீய்ச்சினால் விரிசலுக்குள் போன சிவப்பும் கழுவிக்கொண்டு போய்விடும். துணியில் லேசாக நனைத்து, ஒரே பக்கமாக, பொறுமையாகத் துடைக்க வேண்டும். கடைசியில் வெள்ளை டெவலப்பரை மெல்லிய படலமாக அடித்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். வெள்ளையின் நடுவே தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு ஊறி எழும்பியது. எனக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனமில்லை. வந்த வேலையை முடித்துவிட்டு மறுபடி அங்கேயே போய் நின்றேன்.

அதன் பிறகு விசாரித்து, பயிற்சி எடுத்து, லெவல் டூ சான்றிதழ் வாங்கி, பொருளைச் சேதப்படுத்தாமல் அதன் குறையைக் கண்டுபிடிக்கும் இந்தச் சோதனைத் துறைக்குள் வந்தேன். ஐடிஐ அல்லது டிப்ளமோ படித்தவர்கள் வரலாம். இந்தத் துறைக்கான இந்தியச் சங்கத்தின் தலைமையகம் இதே சென்னையில்தான் இருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. இங்கே பலருக்கும் இன்றும் தெரியாது. மூச்சுவிட முடியாத தொட்டிக்குள் ஊர்ந்து போக வேண்டியிருக்கும். பராமரிப்புக்காகத் தொழிற்சாலையை நிறுத்தும் ஷட்டவுன் நாட்களில் தூக்கம் இருக்காது. இணைப்பின் உட்புறத்தைக் கதிர்வீச்சால் படம் பிடிக்கும் ரேடியோகிராஃபி என்றால் கதிர்வீச்சுக்கு ஆட்கள் விலகியிருக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் இரவில். ஆண்டுதோறும் கண் பரிசோதனையில் தேற வேண்டும். இவை எல்லாம் உடம்பு தாங்கும். தாங்க முடியுமா என்று ஒருவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு. ஒரு இணைப்பு தேறவில்லை என்று நான் எழுதினால், அதை வெட்டி எடுத்து மறுபடி வெல்டிங் போட வேண்டும். வெல்டர் அண்ணன் அரை நாள் வெயிலில் உட்கார்ந்து போட்ட இணைப்பு அது. ஒப்பந்தக்காரருக்கு நஷ்டம், மேற்பார்வையாளருக்குத் தாமதம். எல்லாரும் சுற்றி நின்று என் முகத்தையே பார்ப்பார்கள். அந்த நேரத்தில் "இல்லை, இது தேறாது" என்று சொல்லிவிட்டு, அதே ஆட்களோடு உட்கார்ந்து டீ குடிக்க முடிய வேண்டும். எல்லாரும் தன்னை விரும்ப வேண்டும் என்று மனம் ஏங்குகிறவருக்கு இந்த வேலை நரகம். அப்படி ஏங்குவது குறையே இல்லை. அவர்கள் வேறு இடத்தில் அருமையாகப் பிரகாசிப்பார்கள். எனக்கு அந்த ஏக்கம் குறைவு என்று மீன்கார அம்மா கத்தியபோதே தெரிந்திருந்தது.

நம்மைப் பற்றி நமக்குத் தெரிந்தது எவ்வளவு, மற்றவர்களுக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதைப் பற்றி சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உள்ளே நடக்கும் பதற்றம், கவலை போன்றவற்றை நாமே நன்றாக அறிகிறோம். ஆனால் அறிவுத்திறன் போல, நமக்கு இருக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படும் குணங்களில் நண்பர்களின் மதிப்பீடே நம்முடையதைவிடத் துல்லியமாக இருந்தது. ஆசை கண்ணை மறைத்துவிடுகிறது. ஆகவே, எதைக் கண்டால் உனக்கு நெஞ்சு படபடக்கிறது என்று உன்னையே கேட்டுக்கொள். எதில் உனக்குக் கெட்டிக்காரத்தனம் என்பதைக் கூட இருந்து பார்த்தவர்களிடம் கேள். திண்ணைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

கூட இருந்து பார்த்தவர்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. வியாசர்பாடி என்று முகவரி எழுதிய விண்ணப்பத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்கிறவர்கள் உண்டு. "உங்கள் ஏரியா பையன்களுக்கு அடிதடிதானே வரும்" என்று நேர்முகத் தேர்விலேயே சிரித்துக்கொண்டு கேட்டதாக ஒரு பையன் வந்து சொன்னான். அவன் சிரிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே "இவனுக்கெல்லாம் ஏறாது" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனதை இன்னும் நெஞ்சில் சுமந்துகொண்டு, கணக்கு வேண்டாத படிப்பாகப் பார்த்துத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் யாரும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தவர்களே இல்லை, பின்கோடைப் பார்த்தவர்கள். அவர்கள் சொன்னதைத் தன்னைப் பற்றிய அறிவு என்று ஒரு பிள்ளை ஏற்றுக்கொள்வதைப் போல என்னைக் கோபப்படுத்துவது வேறு எதுவும் இல்லை. உன்னோடு வேலை செய்தவர் சொன்னாரா, உன் நோட்டைத் திருத்தியவர் சொன்னாரா, உன்னோடு ஆடியவர் சொன்னாரா? அப்படியென்றால் காது கொடு. மற்றதை வாசலோடு விட்டுவிடு.

ஆடுவது என்றதும் கேரம் நினைவுக்கு வருகிறது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் தெருவுக்கு ஒரு கேரம் போர்டு. வேலை வெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று பெரியவர்கள் அதை ஒதுக்கியது உண்டு. அந்தத் தெருக்களிலிருந்துதான் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்று வந்தார். எல்லாரும் சாம்பியன் ஆகலாம் என்று சொல்ல நான் இதை எடுக்கவில்லை. பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட இடத்திலும் ஒரு பிள்ளையின் சுபாவம் திறந்து கிடக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். கேரம் ஆடும்போது பார்த்தால், ஒருவன் வாய்ப்பு வந்ததும் அடித்துவிடுகிறான். ஒருவன் எதிராளியின் காயை மறைத்து வைத்துக் காத்திருக்கிறான். ஒருவனுக்கு ஆட்டத்தைவிடப் போட்டி அட்டவணை போடுவதில்தான் உற்சாகம். ஒருத்தி சின்னப் பிள்ளைகளுக்கு விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், தான் ஆட மறந்துவிடுகிறாள். இந்த நால்வரையும் ஒரே கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, ஏன் மூன்று பேர் தூங்குகிறார்கள் என்று கேட்கிறோம்.

அரசு வேலையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எங்கள் பகுதியில் பட்டப்படிப்பு முடித்தவர்களில் எத்தனையோ பேர் குரூப் 4, ரயில்வே, போலீஸ் என்று தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கொளத்தூரில் 2024-இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் இடம் பிடித்துப் படிக்கிறவர்களும் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள். நிரந்தர வேலை மேல் வைக்கும் ஆசையைக் கோழைத்தனம் என்று சொல்கிற பேச்சாளர்களை எனக்குப் பிடிக்காது. வேலையில் எதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோமோ அதை நங்கூரம் என்று அழைத்த அமெரிக்க உளவியலாளர் எட்கர் ஷைன், தான் பட்டியலிட்ட எட்டு நங்கூரங்களில் நிலையான வாழ்வையும் ஒன்றாக வைத்தார். சுதந்திரம், சவால், சேவை, தொழில்திறன் ஆகியவற்றுக்குச் சமமாகவே வைத்தார். மாதம் முதல் தேதி சம்பளம் வராத வீட்டில் வளர்ந்தவருக்கு அது எப்பேர்ப்பட்ட நங்கூரம் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். உனக்கு நிலையான வேலை வேண்டுமா, அல்லது தேர்வு எழுதிக்கொண்டே இருப்பதால் வேறு எதையும் முயன்று பார்க்க வேண்டியதில்லை என்பது வசதியாக இருக்கிறதா? முதலாவது என்றால் முழு மூச்சாகப் படி. தாலுகா அலுவலகத்தில் போய் ஒரு மதியம் நின்று பார்த்துவிட்டும் படி. இரண்டாவது என்றால் இன்றைக்கே எழுந்திரு. வயது போவதைவிட, அந்த வருடங்களில் உன்னைப் பற்றி எதுவுமே புதிதாகத் தெரியாமல் போகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

வீட்டில் சொல்வது தனிக் கலை. "எனக்குப் பிடித்திருக்கிறது" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த அப்பாவிடமும் ஜெயிக்க முடியாது. அப்பாக்களிடம் செய்து காட்டியதைச் சொல்ல வேண்டும். எவ்வளவு செலவு, எத்தனை வருடம், முடித்தால் எங்கே வேலை என்பதைச் சொல்ல வேண்டும். காசிமேட்டுப் பையன் ஒருவனுக்காக இந்த வருடம் நானே போய் உட்கார்ந்தேன். அவனுடைய அப்பாவுக்குச் சொந்தமாக விசைப்படகில் பங்கு உண்டு. மகன் கடலுக்கு வர வேண்டும், வராவிட்டால் காலேஜில் படித்து ஆபீஸ் வேலைக்குப் போக வேண்டும், இரண்டில் ஒன்று என்று நின்றார். பையனுக்கு அலை ஒத்துக்கொள்ளாது, காலேஜும் வேண்டாம். ஆனால் படகு கரைக்கு வந்ததும் இன்ஜின் அறைக்குள் இறங்கினால் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டு மேலே வரவைக்க முடியாது. வலை, ஐஸ், ஏலம், கணக்கு, ஜிபிஎஸ், இன்ஜின் என்று மீன்பிடித் தொழிலுக்குள்ளேயே வெவ்வேறு சுபாவக்காரர்களுக்கு வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன என்பது அந்தத் தொழிலில் பிறந்தவர்களுக்கே சில சமயம் தோன்றுவதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் நின்றன, அப்பாவும் வீட்டில் இருந்தார். ராயபுரத்தில் இருக்கும் மத்திய அரசின் மீன்வளக் கடல்சார் பயிற்சி நிறுவனத்தைப் பற்றிச் சொன்னேன். சிஃப்நெட் என்றதும் அவருக்குத் தெரிந்தது; அந்தப் பக்கமாக ஆயிரம் முறை போயிருக்கிறார், உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டதில்லை. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். இரண்டு வருடப் படிப்பு. படகு செலுத்தக் கற்றுக்கொள்பவர்களுக்கு ஒன்று, இன்ஜினுக்கென்று மரைன் ஃபிட்டர் ஒன்று. முடித்துக் கடல் அனுபவமும் சேர்ந்த பிறகு, மீன்பிடிக் கப்பல் இன்ஜின் டிரைவருக்கான அரசுத் தேர்வு எழுதலாம்.

"அலை ஒத்துக்கொள்ளாதவன் கப்பலில் என்னம்மா செய்வான்?" என்றார். நியாயமான கேள்வி. பையனே பதில் சொன்னான். கீழே வேலையில் இருக்கும்போது தனக்குக் குமட்டுவதில்லை, சும்மா மேலே உட்கார்ந்திருந்தால்தான் குமட்டுகிறது என்றான். கடல் அனுபவத்துக்கு உண்டான காலம் முடிந்ததும் கரையில் ஒர்க்‌ஷாப் வேலைக்கு வரவும் வழி இருக்கிறது, அதையும் விசாரித்து வைத்திருக்கிறேன் என்றான். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, போன மாதம் இன்ஜின் கறுப்புப் புகை விட்டதே, அதற்குக் காரணம் என்ன என்று மகனிடம் கேட்டார். இன்ஜெக்டர் என்றான் இவன். இல்லை, ஏர் ஃபில்டர் என்றார் அவர். ஃபில்டரைத்தான் அதற்கு முந்தைய வாரமே மாற்றிவிட்டோமே என்று இவன் எழுந்து நின்றுகொண்டான். நான் கிளம்பும்போதும் இருவரும் இன்ஜெக்டரில்தான் இருந்தார்கள். விண்ணப்பத்தை மட்டும் மறக்காமல் நிரப்பிவிடுங்கள் என்று அவனுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.